டிராகுலாவின் ஐம்பதாவது பெட்டி

இங்கிலாந்தின் வடகிழக்குக் கடற்கரையில் விட்பி என்று ஒரு சின்னத் துறைமுக ஊர். அதன் கிழக்குக் குன்றின் மேல் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயத்துக்காரர்களுக்கு நெடுநாளாக ஒரு தொல்லை. வருகிற பயணிகள், "டிராகுலாவின் கல்லறை எது?" என்று கேட்டு நச்சரிக்கிறார்கள். அப்படியொரு கல்லறை இங்கே கிடையாது, தயவுசெய்து கேட்காதீர்கள் என்று அறிவிப்பே எழுதிவைக்க வேண்டியதாகிவிட்டது. நாவலைப் படித்தவர்கள் இதைக் கேட்கமாட்டார்கள். கதையில் டிராகுலா விட்பியில் சாகவில்லை. கார்பேத்திய மலைச்சாரலில், பொழுது சாய்கிற நேரத்தில், கத்தி பாய்ந்ததும் தூளாக உதிர்ந்துபோகிறான். புதைப்பதற்கு ஏதும் மிஞ்சவில்லை.

புத்தகங்களின் பெயரால் ஊர் சுற்றுகிற இன்னொரு கூட்டமும் உண்டு. அவர்கள் யாரிடமும் வழி கேட்பதில்லை. கையில் போன், போனில் ஓர் அட்சரேகை, ஒரு தீர்க்கரேகை. அந்த இரண்டு எண்களும் சந்திக்கிற இடத்தில் யாரோ முன்பின் தெரியாத ஒருவர் ஒரு டப்பாவை ஒளித்துவைத்திருப்பார். பாறை இடுக்கிலோ மரப்பொந்திலோ பெஞ்சுக்கு அடியிலோ இருக்கும். உள்ளே சின்னதாக ஒரு நோட்டு. கண்டுபிடித்தவர் தன் பெயரையும் தேதியையும் எழுதிவிட்டு, டப்பாவை எடுத்த இடத்திலேயே எடுத்தபடியே வைத்துவிட்டு நடையைக் கட்டவேண்டும். இதுதான் ஜியோகேச்சிங். ஒளித்துவைத்த டப்பாவுக்கு ஜியோகேச், சுருக்கமாகக் கேச். உலகம் முழுக்க 30 லட்சத்துக்கும் மேற்பட்ட கேச்கள் இப்படி ஒளிந்துகிடக்கின்றன.

அவற்றில் பெரும்பாலானவை 'இந்த இடம் அழகாக இருக்கிறது, வந்து பாருங்கள்' என்பதோடு சரி. சில மட்டும் ஒரு புத்தகத்துக்கும் அதை எழுதியவருக்கும் மரியாதை செய்வதற்காக வைக்கப்படுகின்றன. எழுத்தாளருக்குச் சிலை வைப்பார்கள், தெருவுக்குப் பெயர் சூட்டுவார்கள், தபால்தலை வெளியிடுவார்கள். ஒரு பிளாஸ்டிக் டப்பாவைப் புதரில் ஒளித்துவைப்பதும் மரியாதையா என்று கேட்கத் தோன்றும். மற்ற புத்தகங்கள் எப்படியோ, பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா'வுக்கு இதைவிடப் பொருத்தமான மரியாதை இல்லை என்பேன். ரத்தம், வௌவால், கறுப்பு அங்கி எல்லாவற்றையும் சினிமாக்காரர்களுக்கு விட்டுவிட்டுப் பார்த்தால், அந்த நாவலின் பின்பாதி முழுக்க ஒளித்துவைத்த பெட்டிகளைத் தேடுகிற கதைதான்.

வாளியும் பாட்டிலும்

முதலில் விளையாட்டின் பிறப்பு. 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம் வரை, ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் அனுப்பும் சமிக்ஞையை அமெரிக்க அரசு வேண்டுமென்றே குழப்பிவந்தது. ராணுவத்துக்கு மட்டும் துல்லியம். சாமானியர் கையிலிருந்த கருவி ஏறத்தாழ 100 மீட்டர் தள்ளிக் காட்டும். அதிபர் கிளின்டனின் உத்தரவுப்படி மே 1 நள்ளிரவோடு அந்தக் குழப்படி நிறுத்தப்பட்டது. பிழை சட்டென்று பத்திருபது மீட்டருக்குள் சுருங்கியது. மே 3 அன்று டேவ் உல்மர் என்பவர் ஆரிகான் மாநிலத்தின் பீவர்கிரீக் பக்கம் ஒரு கறுப்பு வாளியை மண்ணில் பாதி புதைத்துவைத்து, அந்த இடத்தின் எண்களை உலகுக்கு அறிவித்தார். வாளிக்குள் புத்தகம், வீடியோ, கொஞ்சம் பணம், ஒரு கவண், ஒரு டின் பீன்ஸ். சில நாட்களுக்குள் மைக் டீக் என்பவர் தேடிப் பிடித்துவிட்டார். இன்றைய விதிப்படி நிலத்துக்காரரின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் மண்ணைத் தோண்டிக் கேச்சைப் புதைக்கக்கூடாது. அந்த முதல் வாளிக்கு இன்று எளிதில் அனுமதி கிடைக்காது.

இதற்கு ஒரு பாட்டன் இருக்கிறான். தென்மேற்கு இங்கிலாந்தின் டார்ட்மூர் பொட்டல்வெளியில், 1854-இல், ஜேம்ஸ் பெரட் என்கிற வழிகாட்டி கிரான்மியர் பூல் என்ற எளிதில் போய்ச்சேர முடியாத சதுப்பிடத்தில் ஒரு பாட்டிலை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் அதற்குள் தங்கள் விசிட்டிங் கார்டைப் போட்டுவிட்டுப் போனார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் லெட்டர்பாக்சிங் என்ற விளையாட்டு. ஷெர்லாக் ஹோம்ஸ் வேட்டைநாயைத் துரத்திப் போவதும் இதே டார்ட்மூரில்தான். பாட்டிலுக்குள் காகிதம் என்ற சங்கதியை மட்டும் நினைவில் வையுங்கள். ஸ்டோக்கரிடமும் அது வருகிறது.

குமாஸ்தா எழுதிய பேய்க்கதை

பிராம் என்கிற ஏப்ரகாம் ஸ்டோக்கர் 1847 நவம்பர் 8 அன்று டப்ளின் அருகே குளோன்டார்ஃபில் பிறந்தார். ஏழு வயதுவரை என்னவென்று தெரியாத நோயில் படுத்த படுக்கை. பிறகு டிரினிட்டி கல்லூரியில் விளையாட்டு வீரர். அப்புறம் டப்ளின் கோட்டையில் அரசாங்கக் குமாஸ்தா. அவருடைய ஆரம்பகாலப் புத்தகங்களில் ஒன்று, அயர்லாந்தின் சிறு நீதிமன்றக் குமாஸ்தாக்கள் செய்யவேண்டிய வேலைகள் பற்றிய 1879-ஆம் வருடக் கையேடு. எந்தப் படிவத்தை எப்படி நிரப்புவது, எதை எங்கே பதிவது என்கிற வகை. டிராகுலா ரசிகர்கள் இதைச் சிரித்துவிட்டுக் கடந்துபோகிறார்கள். எனக்கென்னவோ 'டிராகுலா'வின் வேரே அங்கேதான் இருக்கிறது என்று தோன்றுகிறது. அந்த நாவலில் கதைசொல்லி என்று ஒருவர் இல்லை. நாட்குறிப்பு, கடிதம், தந்தி, பத்திரிகைத் துணுக்கு, கப்பலின் பயணப் பதிவேடு, ஃபோனோகிராஃப் உருளையில் பதிந்த குரல் எல்லாவற்றையும் மீனா என்ற பெண் தட்டச்சு செய்து, தேதிவாரியாக அடுக்கி, ஒரு கோப்பாக்குகிறாள். அந்தக் கோப்புதான் நாவல்.

குமாஸ்தா வேலையோடு சம்பளமில்லாமல் நாடக விமர்சனமும் எழுதிக்கொண்டிருந்த ஸ்டோக்கரை, அந்நாளின் பெரிய நடிகர் ஹென்றி இர்விங் 1878-இல் லண்டனுக்கு அழைத்துக்கொண்டார். லைசியம் தியேட்டரின் நிர்வாகி வேலை. இர்விங் 1905-இல் இறக்கும்வரை அந்த நுகத்தடி இறங்கவில்லை. கணக்கு, கடிதம், டிக்கெட், வெளியூர்ப் பயணம், விருந்தினர் உபசாரம் எல்லாம் இவர் தலையில். எழுதுவதற்குக் கிடைத்தது விடுமுறை மட்டுமே. 1890 கோடையில் அப்படி ஒரு விடுமுறைக்கு வந்த இடம்தான் விட்பி. மேற்குக் குன்றின் மேல் ராயல் கிரசென்ட் வரிசையில் 6-ஆம் எண் வீட்டில் தங்கினார்.

அப்போதே அவரிடம் ஒரு ரத்தக்காட்டேரிக் கதைக்கான குறிப்புகள் இருந்தன. பிரபுவுக்கு வாம்பிர் என்று பேர். கதைக்களம் ஆஸ்திரியாவின் ஸ்டிரியா. விட்பியில் எல்லாம் மாறியது. ஊர் நூலகத்தில் வில்லியம் வில்கின்சன் 1820-இல் எழுதிய, வாலாச்சியா, மால்டேவியா சமஸ்தானங்களைப் பற்றிய ஒரு புத்தகம் கிடைத்தது. யாரும் தொடாத ஓர் அரசுமுறை நூல். அதில் டிராகுலா என்ற பெயர் இருந்தது. குமாஸ்தா கை சும்மா இருக்குமா? நூலகத்தின் அலமாரி எண் உட்படக் குறித்துக்கொண்டது. அந்தக் கட்டடம் பிற்பாடு மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் விற்கும் உணவகமாகிவிட்டது என்பது வேறு கதை.

பிறகு கல்லறைத் தோட்டம். செயின்ட் மேரி தேவாலயத்தைச் சுற்றி நடந்து, கற்களில் இருந்த பெயர்களை வரிசையாக எழுதிக்கொண்டார். அவற்றில் ஸ்வேல்ஸ் என்ற பெயர் நாவலின் வாயாடிக் கிழவருக்குப் போனது. கடலோரக் காவலரைப் பிடித்து, கரை ஒதுங்கிய கப்பல்களைப் பற்றிக் கேட்டார். 1885 அக்டோபரில் நார்வா துறைமுகத்திலிருந்து வந்து டேட் ஹில் மணலில் மோதிச் சிதைந்த டிமிட்ரி என்ற ரஷ்யக் கப்பலின் விவரம் கிடைத்தது. கப்பலின் அடிப்பாரம் வெள்ளி மணல். நாவலில் டிமிட்ரி, டிமீட்டர் ஆகிறது; நார்வாவின் எழுத்துகளைப் புரட்டிப்போட்டால் வார்னா; வெள்ளி மணல் வெள்ளி மணலாகவே இருக்கிறது. அந்த மணலோடு கூடவே, மண் நிரப்பிய பெரிய மரப்பெட்டிகள் மட்டும் கூடுதல். மொத்தம் 50.

வாசகன் நடக்கவேண்டிய பாதை

நல்ல ஜியோகேச் என்பது டப்பாவில் இல்லை, டப்பாவுக்குப் போகிற வழியில் இருக்கிறது. மல்டி கேச் என்று ஒரு வகை உண்டு. முதல் இடத்தில் ஒரு தகவல், அதிலிருந்து அடுத்த இடத்துக்கான எண், அங்கிருந்து அடுத்தது. விட்பியில் இதற்கான பாதையை ஸ்டோக்கரே போட்டுக்கொடுத்துவிட்டார்.

மேற்குக் குன்றில் 1980-இல் டிராகுலா சங்கமும் ஸ்கார்பரோ நகராட்சியும் சேர்ந்து போட்ட ஒரு நினைவு இருக்கை இருக்கிறது. அதில் உட்கார்ந்தால் எதிரே எஸ்க் ஆற்று முகத்துவாரம், அதற்கு அப்பால் கிழக்குக் குன்று, தேவாலயம், அதன் பின்னால் இடிந்து நிற்கும் பழைய மடாலயம். 657-இல் தொடங்கப்பட்ட மடம் அது. இன்று நிற்கும் கல்வளைவுகள் அதற்குப் பல நூற்றாண்டு பிந்தியவை. நாவலின் எட்டாம் அத்தியாயத்தில், நள்ளிரவில் கண்விழிக்கும் மீனா, தோழி லூசியைக் காணாமல் வெளியே ஓடிவந்து, இந்தப் பக்கத்திலிருந்துதான் அந்தப் பக்கம் பார்க்கிறாள். கல்லறைத் தோட்டத்து இருக்கையில் வெள்ளையாய் ஓர் உருவம். அதன் மேல் குனிந்தபடி கறுப்பாய் இன்னொன்று. நேரே போக முடியாது, நடுவில் ஆறு. குன்றிலிருந்து இறங்கி, மீன் சந்தையைக் கடந்து, பாலத்தைத் தாண்டி, எதிர்ப்பக்கம் படியேற வேண்டும். ஓடுகிறாள். பாலம் மட்டும் ஸ்டோக்கர் வந்து போன பிறகு புதிதாகக் கட்டப்பட்டது. மற்றபடி அவள் ஓடிய வழியில் இன்றைக்கும் நீங்கள் நடக்கலாம்.

அந்தப் படிகளுக்கு ஊர்க்காரர்கள் சொல்லும் கணக்கு 199. எண்ணுகிறவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு கணக்கு வரும் என்பதும் ஊர்ப்பேச்சு. இடையிடையே அகலமான படிகள் வரும்; சவப்பெட்டி தூக்கி வருகிறவர்கள் இறக்கிவைத்து மூச்சு வாங்குவதற்கு. நம் ஊர்ப் பாதையோரச் சுமைதாங்கிக் கல்லுக்கு என்ன வேலையோ அதே வேலை. கீழே இறங்கி வந்தால் டேட் ஹில் மணல். டிமீட்டர் மோதியதும் பெரிய நாய் ஒன்று துள்ளிக் குதித்துச் செங்குத்தான குன்றை நோக்கி ஓடி மறைந்தது இங்கேதான். கப்பலில் உயிரோடு யாருமில்லை. சுக்கானோடு கைகளைக் கட்டிக்கொண்ட கேப்டனின் பிணம். அவர் சட்டைப்பையில் ஒரு பாட்டில். பாட்டிலுக்குள் சுருட்டிய காகிதம், பயணப் பதிவேட்டின் மிச்சப் பக்கங்கள்.

இனி, பெட்டிகள். டிராகுலா பகலில் படுக்க அவன் சொந்த மண் வேண்டும். அதனால்தான் 50 பெட்டி. விட்பியில் ஒரு வழக்கறிஞர் பொறுப்பேற்று ரயிலில் லண்டனுக்கு அனுப்புகிறார். டிராகுலாவை வேட்டையாடும் வான் ஹெல்சிங் குழு விஷயத்தைப் புரிந்துகொண்டு பர்ஃப்லீட்டில் இருக்கும் பாழடைந்த கார்ஃபாக்ஸ் தேவாலயத்துக்குள் நுழைந்தால் 29 பெட்டிகள்தான் இருக்கின்றன. மீதி 21? இங்கே தொடங்குகிறது வேட்டை. மீனாவின் கணவன் ஜொனாதன் ஹார்க்கர் வண்டிக்காரர்களையும் சுமைகூலிகளையும் தேடித் தேடிப் போய், காசு கொடுத்துப் பேச்சுக்கொடுக்கிறான். ஸ்மாலட் என்ற கூலியாள் கால்சட்டைப் பையிலிருந்து மூலை மடிந்த ஓர் அழுக்கு நோட்டை எடுக்கிறான். பாதி அழிந்த பென்சில் எழுத்தில் கணக்கு இருக்கிறது: மைல் எண்டில் 6, பெர்மண்ட்சியில் 6. இன்னொருவன் மூலம் பிக்காடிலி வீட்டுக்கு 9 போனது தெரிகிறது. கூட்டிப் பாருங்கள், 21. ஒவ்வொரு இடமாகப் போய்ப் பெட்டிகளைப் புனிதப்படுத்தி அவனுக்கு உதவாமல் செய்கிறார்கள். பிக்காடிலியில் எண்ணினால் எட்டுதான்.

அந்த ஐம்பதாவது பெட்டிக்காகத்தான் கடைசி அத்தியாயங்கள். அது டிராகுலாவோடு கப்பலேறி வார்னா போகவேண்டியது, கலாட்ஸ் துறைமுகத்தில் இறங்குகிறது. அடுத்து எங்கே? மீனா வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு, எந்த ஆறு டிராகுலாவின் கோட்டைக்குப் பக்கமாகப் போகிறது, எதில் படகு ஏறும் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக் கழித்து செரெத் ஆற்றைப் பிடிக்கிறாள். ரயில் அட்டவணைகளை மனப்பாடமாக வைத்திருப்பவள் அவள். என்னைக் கேட்டால் இந்த நாவலின் நாயகி, நாயகன் இரண்டுமே மீனாதான். சினிமாக்கள் அவளை மயங்கி விழுகிற பெண்ணாக்கி விட்டதை மன்னிக்கவே முடியாது. நவம்பர் 6, சூரியன் மறையும் நேரம். பனியில் பெட்டியை மறித்து மூடியைப் பெயர்க்கிறார்கள். ஹார்க்கர் கையில் இருப்பது கூர்க்காக்களின் குக்ரி கத்தி.

ஒளித்த பெட்டிகள், மூலை மடிந்த நோட்டு, பாட்டிலில் காகிதம், வரைபடத்தில் கழித்தல் கணக்கு. உல்மர் வாளி வைப்பதற்கு 103 ஆண்டுகளுக்கு முன்பே, 1897 மே 26 அன்று, இதெல்லாம் அச்சாகிவிட்டது.

முருங்கை மரத்து உறவினர்

ஒரு சின்ன விலகல். ஸ்டோக்கருக்குத் தெரிந்தவர்களில் ஒருவர் ரிச்சர்ட் பர்ட்டன். நம் விக்கிரமாதித்தன், வேதாளம் கதைகளை 1870-இல் ஆங்கிலத்தில் தன் போக்கில் எழுதி வெளியிட்டவர். வேதாளத்தை அவர் தலைப்பிலேயே ரத்தக்காட்டேரி ஆக்கிவிட்டார். இர்விங்கின் விருந்துகளில் ஸ்டோக்கர் அவரோடு உட்கார்ந்து பேசியிருக்கிறார். இர்விங்கைப் பற்றிய நினைவு நூலில், பர்ட்டன் பேசும்போது மேலுதடு உயர்ந்து கோரைப்பல் முழுசாகத் தெரிந்ததை வியந்து எழுதியும் இருக்கிறார். டிராகுலாவின் பல் அங்கிருந்துதான் முளைத்தது என்று அடித்துச்சொல்ல ஆதாரமில்லை. ஆனாலும், முருங்கை மரத்தில் தலைகீழாகத் தொங்கும் நம் வேதாளத்தை அறிந்த ஒருவரும் டிராகுலாவைப் படைத்தவரும் ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள் என்பது அம்புலிமாமா படித்து வளர்ந்தவர்களுக்குச் சந்தோஷம் தரும் செய்தி.

கோட்டை எங்கே?

ஸ்டோக்கர் டிரான்சில்வேனியாவில் கால் வைத்ததே இல்லை. எல்லாம் புத்தகம் பார்த்து எழுதியதுதான். அந்தப் புத்தகங்களில் பலவும் லண்டன் லைப்ரரியில் இன்னும் இருக்கின்றன. அவர் அங்கே உறுப்பினர். 2018-இல் அந்த நூலகம் 26 புத்தகங்களை அடையாளம் கண்டு அறிவித்தது. ஸ்டோக்கரின் குறிப்புகளோடு பொருந்தும் இடங்களிலெல்லாம் ஓரத்தில் கோடு, மடித்த மூலை. நூலகப் புத்தகத்தில் கிறுக்கக் கூடாதுதான். இவர் கிறுக்காவிட்டால் இந்தத் தடயமே கிடைத்திருக்காது.

ருமேனியாவில் பிரான் கோட்டையை 'டிராகுலா கோட்டை' என்று காட்டிப் பேருந்து பேருந்தாக ஆட்களை இறக்குகிறார்கள். நாவலில் பிரான் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஹான்ஸ் டி ரூஸ் என்ற ஆய்வாளர், ஸ்டோக்கரின் கையெழுத்துக் குறிப்புகளில் இருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையும் நாவலின் பயண விவரங்களையும் வைத்துத் தேடி, கலிமான் மலைத்தொடரில் 2,033 மீட்டர் உயரமுள்ள ஒரு சிகரத்தைச் சுட்டினார். அங்கே கோட்டையும் இல்லை, டிக்கெட் கவுன்ட்டரும் இல்லை, வெறும் மலை. கோட்டைக்கு எண் குறித்துவைத்தவரை ஜியோகேச்காரர்கள் தங்கள் ஆள் என்று உரிமை கொண்டாடினால் தப்பு சொல்ல முடியாது.

இந்த விளையாட்டில் எனக்குப் பிடிக்காததும் உண்டு. புத்தகத்தின் பெயரை ஒட்டி, பிளாஸ்டிக் பல்லும் ரப்பர் வௌவாலும் போட்டு ஒரு டப்பாவைச் சாலையோரக் கம்பிவேலியில் மாட்டிவிட்டால் அது இலக்கியக் கேச் ஆகிவிடாது. படிக்காமலே தீர்க்க முடிகிற புதிர் ஆசிரியருக்குச் செய்யும் மரியாதை அல்ல. பெட்டிகளின் கணக்கைக் கேள், ஸ்மாலட்டின் நோட்டில் என்ன இருந்தது என்று கேள், விடையிலிருந்து எண் வரட்டும். அப்போது தேடுகிறவன் புத்தகத்தைத் திறந்தே ஆகவேண்டும்.

இடத்தின் சங்கடமும் இருக்கிறது. விட்பியின் கிழக்குக் குன்று சரிந்துகொண்டிருக்கும் குன்று. 2013-இன் தொடக்கத்தில் மண் சரிந்து, கல்லறைத் தோட்டத்து எலும்புகள் கீழே வந்து விழுந்தன. அந்த மண்ணில் கிடப்பவர்கள் கற்பனைப் பாத்திரங்கள் இல்லை. மாலுமிகள், மீனவர்கள், அவர்களுடைய பிள்ளைகள். மடாலயமோ பாதுகாக்கப்பட்ட சின்னம். இம்மாதிரி இடங்களில் பெட்டியே வைக்காமல், அங்கே போனால்தான் தெரியக்கூடிய ஒரு விவரத்தை மட்டும் கேட்கும் விர்ச்சுவல் கேச்தான் சரி. பெட்டி வைத்தே தீருவேன் என்றால் நிலத்துக்காரரின் அனுமதி வேண்டும். பக்கத்து கேச்சிலிருந்து 161 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். வெளியிடுவதற்கு முன் தன்னார்வலர் ஒருவர் சரிபார்ப்பார்.

ஸ்டோக்கருக்கு இந்தப் புகழில் எதுவும் கிடைக்கவில்லை. 'டிராகுலா' அவரைப் பணக்காரராக்கவில்லை. 1912 ஏப்ரல் 20 அன்று, டைட்டானிக் மூழ்கிய ஐந்தாம் நாள், லண்டனில் இறந்தார். மறு ஆண்டு அவருடைய நாவல் குறிப்புகள் ஏலத்தில் இரண்டு பவுண்டு சொச்சத்துக்குப் போயின. இன்று அவை பிலடெல்பியாவின் ரோசன்பாக் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன. நாவல் வெளிவந்த 125-ஆம் ஆண்டு நாளான 2022 மே 26 அன்று, விட்பி மடாலயத்தில் ரத்தக்காட்டேரி வேடத்தில் 1,369 பேர் கூடி உலக சாதனை படைத்தார்கள். அந்த 1,369 பேரில் எத்தனை பேர் நாவலைப் படித்திருப்பார்கள் என்று யாரும் எண்ணவில்லை.

விட்பிக்குப் போகிற வாய்ப்பு நம்மில் பலருக்கு வராது. நாவலோ காப்புரிமை முடிந்து இலவசமாகவே கிடைக்கிறது. ஆறாம் அத்தியாயத்திலிருந்து எட்டுவரை படிக்கும்போது, போனில் அந்த ஊரின் வரைபடத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இருபதாம் அத்தியாயத்துக்கு வந்தால், கையில் ஒரு பென்சிலோடு பெட்டிகளை எண்ணிக்கொண்டே போங்கள்.